அன்றைக்கு என் மகன் அங்கே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எந்த இடத்தில் பெரிய றகரம் வரும், எந்த இடத்தில் சின்ன ரகரம் வரும் என்று இன்னும் தடுமாறுகிறேன். மறதியும் சேர்ந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பகல் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அதை மற்றவர்கள் பிழையாக எழுதிவிட்டதால்தான் நான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன மாதம் மாத்தளையில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பழைய ஆட்களுக்கு ஒரு விழா வைத்தார்கள். என்னையும் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மலர் என்று ஒரு புத்தகம் அச்சடித்திருந்தார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு பக்கம். தன் பிள்ளை நெருப்பில் மாட்டிக்கொண்டது என்று கேள்விப்பட்ட தாய் உத்தரவையும் பாராமல் லொறியை அனுப்பினாளாம். அந்தத் தாயின் துடிப்பு முப்பது பிள்ளைகளைக் காப்பாற்றியதாம்.

வாசித்ததும் காது மடல் சுட்டது. கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நாலு பேர் பார்த்தால் நான் என் கால் விரலைப் பார்ப்பேன். மேடையை விட்டு இறங்கிய பிறகு, மலரைப் போட்ட தம்பியைத் தனியாகப் பிடித்தேன்.

“தம்பி, அன்னைக்கி எம் புள்ள அங்க இல்லீங்களே.”

“அப்புடியாம்மா? பரவால்ல விடுங்க. கத நல்லா வந்திருக்கு. எங்க அம்மாவே வாசிச்சிட்டு அழுதுட்டாங்க.”

கதை நல்லா வந்திருக்கிறதாம்! பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அது மடியில் பாரமாகக் கிடந்தது.

எங்கள் தோட்டம் எல்கடுவைப் பக்கம். நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்குப் பல வருஷம் முந்தி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எனக்கு, பிள்ளை பெற்ற பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது. மலை ஏற முடியவில்லை. அதனால் ஆபீஸ் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். கூட்டுவது, மேசை துடைப்பது, மைக்கூடு கழுவுவது, பெரிய கிளாக்கருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது. பெரிய கிளாக்கர்தான் ஆபீஸுக்குத் தலை. அவருக்கு மேலே தோட்டத்தை நடத்துகிற துரை ஒருவர்தான்.

ஆபீஸ் சுவரில் ஒரு டெலிபோன் பெட்டி இருந்தது. பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கும். ஒரே கம்பியில் நாலு இடம்: எங்கள் ஆபீஸ், துரையின் பங்களா, ஸ்டோர், மலை உச்சி ரோட்டில் இருந்த சாமான் கடை. தேயிலை ஃபாக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். யாருக்கு அடித்தாலும் நாலு இடத்திலும் மணி கேட்கும். இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் ஆபீஸுக்கு. ஒரே ஒரு நீளம் என்றால் பங்களாவுக்கு. அடுத்தவருக்கு வந்ததை எடுத்துக் கேட்கக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள் என்பது வழக்கம். நாம் பேசும்போது யாராவது மூச்சு விடுகிற சத்தம் கேட்கும்.

கிளாக்கரய்யா பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடத் தன் குவாட்டஸுக்குப் போவார். சாப்பாடு அரை மணித்தியாலம், படுக்கை ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் துரை ஆபீஸுக்கு அடித்து யாரும் எடுக்காவிட்டால் குட்டு உடைந்துவிடும். அதற்காகத்தான் எனக்கு டெலிபோன் பழக்கினார்.

“இந்தா பாரு, இது பாம்பில்ல, கொத்தாது. எடுத்துக் காதுல வையி. ஏய், தலகீழா வச்சிருக்கியே! அடுப்பு ஊதுற கொழலா இது?”

மூன்று இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். ஆபீஸ் ஸ்பீக்கிங் சேர். கிளாக்கர் லஞ்ச் சேர். ஐ வில் டெல் சேர். ஒரு கிழமை அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாமி, என் புருஷனின் அம்மா, எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை கொண்டுவந்தார்.

நாலு பேர் முன்னால் பேச முடியாத எனக்கு அந்தப் பெட்டியில் பேச முடிந்தது. ஏன் என்று தெரியாது. முகம் தெரியாததால் இருக்கலாம்.

ஆவணிக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் மலையெல்லாம் காய்ந்துவிடும். மலை உச்சியில் தேயிலை இல்லை, ஆளுயரத்துக்கு மானாப்புல். யாராவது பீடித் துண்டைப் போட்டால் போதும். டவுனிலிருந்து நெருப்பணைக்க யாரும் அந்த மலைக்கு வரப்போவதில்லை. அதனால் தோட்டத்திலேயே பன்னிரண்டு பேரைப் பிரித்து வைத்திருந்தார்கள். தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆட்கள் எட்டுப் பேர், ஸ்டோர் ஆட்கள் நாலு பேர். முதுகில் மாட்டுகிற மருந்துத் தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, லொறியில் ஏற்றுவார்கள். கூடவே தண்ணீர்ப் பீப்பாய் இரண்டு, மம்பட்டி, புல் வெட்டுகிற கத்தி. அவ்வளவுதான் எங்கள் நெருப்புப் படை.

ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். நெருப்பு என்றால் அதை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். ஆட்கள் ஓடி வருவார்கள். ஆனால் ஆட்கள் வந்தாலும் லொறி நகராது. லொறி போக ஒரு துண்டு வேண்டும். எந்த நேரம், எந்த இடம், யார் உத்தரவு என்று எழுதி, கையெழுத்து வைத்த சின்னக் கடுதாசி. அது இல்லாமல் லொறி நகர்ந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும். அந்தத் துண்டுக்குத் துரையின் வாய்ச்சொல்லாவது வேண்டும். நான் பங்களாவுக்கு அடித்து, துரை சரி என்று சொன்ன பிறகு எழுதுவேன். அதற்குக் கீழே கிளாக்கரய்யா முன்கூட்டியே கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார்.

சுவரில் ஒரு உத்தரவு ஒட்டியிருந்தது. நெருப்பு வந்தால் லொறி முதலில் ஸ்டோருக்கு. இரண்டாவது பங்களாவுக்கு. மூன்றாவது ஆபீஸுக்கு. அந்தத் தாளைத் தினமும் தூசு தட்டியவள் நான். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு அதில் நம்பரே இல்லை.

இரண்டு வருஷத்து வெயிலில் ஏழெட்டு நெருப்புக்கு நான் லொறி அனுப்பியிருக்கிறேன். யாரும் சொல்லித் தராமலே மூன்று கேள்வி பழகிக்கொண்டேன். எங்கே? எவ்வளவு அகலம்? காற்று எந்தப் பக்கம்? பதறுகிறவர்கள் முதல் கேள்விக்கே நாலு முறை பதில் சொல்வார்கள். காற்றைக் கேட்டால்தான் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நான் எழுதிவிடுவேன். லொறி டிரைவர் என்னை ‘எக்ஸ்சேஞ்சு மகராணி’ என்று கூப்பிடுவார். கேலிதான், ஆனால் என் துண்டை இரண்டாம் முறை படிக்காமல் வண்டி எடுப்பார்.

இனி அந்தப் பகல்.

எங்கள் தோட்டம் இரண்டு பிரிவு. நாங்கள் கணக்கு என்போம். உச்சிப் பக்கம் மேற்கணக்கு. ஸ்டோரும் ஆபீஸும் இருக்கிற பக்கம் கீழ்க்கணக்கு. என் லயம் ஸ்டோருக்கு நேர் கீழே. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் பிள்ளைக் காம்பரா. அந்த மாதம் கீழ்க்கணக்குக் காம்பராவின் கூரைத் தகரம் காற்றில் பெயர்ந்து கிடந்தது. அதனால் இரண்டு கணக்குப் பிள்ளைகளையும் மேற்கணக்குக் காம்பராவிலேயே விட்டார்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயம்மா. என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தான். ஆனால் அன்று விடியற்காலை அவனுக்குக் காய்ச்சல். மாமி வேலைக்குப் போகாமல் லயத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதாவது, ஸ்டோருக்கு நேர் கீழே.

இதைத்தான் அறுபது வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முந்தி மணி அடித்தது. இரண்டு நீளம் ஒரு குட்டை. உச்சி ரோட்டுக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம்.

“தங்கச்சி, கடை நானா பேசுறன். மானாப்புல்லு பத்திட்டு.”

“எங்க நானா?”

“எண்ட கடைக்குக் கீழ. ஒங்கட மேக்கணக்குக்கு மேல.”

“எவ்வளவு அகலம்?”

“ரெண்டு வெளயாட்டுக் கிரவுண்டு அகலம் இருக்கும். பெருகுது.”

“காத்து எந்தப் பக்கம்?”

மூச்சுச் சத்தம் பெட்டியை விட்டு விலகியது. திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“கீழ எறங்குது தங்கச்சி. நேரா ஒங்கட புள்ளைகள்ற காம்பராவுக்குத்தான்.”

அந்தக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் போன மாதம்தான் தேயிலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிய கிளையெல்லாம் காய்ந்து மலை முழுக்கக் கிடந்தது. நான் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள். அது பற்றினால் காம்பராவைத் தாண்டித்தான் நிற்கும். தாய்மாரெல்லாம் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி, ஆற்றோர மலையில் நின்றார்கள். அங்கிருந்து மேலே ஏற முக்கால் மணித்தியாலம்.

தண்டவாளத்தை அடித்தேன். ஓடி வந்து பங்களாவுக்குச் சுற்றினேன். அப்பு எடுத்தார். துரைக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர்.

“தொரை சாப்புட்றாரு. விருந்தாளி வந்திருக்காங்க.”

“நெருப்பு அப்பு! மேக்கணக்குல. லொறிக்கு உத்தரவு வேணும்.”

“சூப்புதான் வச்சிருக்கேன். மேசையில இருக்கயில கூப்புட்டா எந் தோல உரிச்சிருவாரு. பொறு.”

அவர் டெலிபோனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கரண்டி, தட்டு, சிரிப்பு எல்லாம் எனக்குக் கேட்டது. நெருப்புக்கு உத்தரவு கேட்டவளுக்கு அந்த வீட்டில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கும் சூப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ நின்றேன். அப்பு வந்து, இன்னும் சொல்லவில்லை, முகம் சரியில்லை என்றார்.

வைத்த உடனே மறுபடி மணி. இந்த முறை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர்.

“ஆபீஸ் ஸ்பீக்கிங் சேர்.”

“ஸ்பீக்கிங் கெடக்கட்டும். பொக வருது. லொறிய இங்க அனுப்பு.”

“அங்க பத்துதுங்களா சேர்?”

“பத்தல. பொக வருது. பத்தறதுக்கு முந்தி லொறி நிக்கணும். சட்டம் தெரியுமில்ல, மொதல்ல ஸ்டோரு.”

“சேர், மேக்கணக்குக் காம்பராவுல முப்பது புள்ளைங்க...”

“ஒன்ட்ட நான் கணக்குக் கேட்டனா? அனுப்பு!”

அவர் வைத்துவிட்டார். ஆனால் கம்பியில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் இன்னும் இருந்தது. கடை நானா.

“தங்கச்சி, கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறன். இன்னும் ஆரைக் கேக்கப் போற? கவ்வாத்து மலை ஓரத்துக்கு வந்திட்டு.”

அப்போது நான் யோசித்தேன். யோசித்தேன் என்றுதான் எழுதுகிறேன், துடித்தேன் என்று இல்லை. ஸ்டோரைச் சுற்றிக் கான் என்கிற வாய்க்கால் வெட்டியிருக்கிறது, ஓடை இருக்கிறது, வாளி இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள். மேலே ஒரு ஆயம்மாவும் நடக்கத் தெரியாத பிள்ளைகளும். லொறி ஒன்றுதான். காற்று திரும்பினால் ஸ்டோர் பற்றும். ஸ்டோர் பற்றினால் அதன் கீழே என் லயம், அதற்குள் என் மகன். அதையும் யோசித்தேன். தாய் மனசு என்று ஒன்று அன்று பேசியிருந்தால், லொறியை ஸ்டோருக்கு அனுப்பு என்றுதான் பேசியிருக்கும். சட்டமும் அதையே சொன்னது. நான் இரண்டையும் கேட்கவில்லை.

கிளாக்கரய்யா கையெழுத்து வைத்த துண்டை எடுக்கவில்லை. வெறும் தாளில் எழுதினேன். நேரம், மேற்கணக்குப் பிள்ளைக் காம்பரா, உத்தரவு என்ற இடத்தில் ஆபீஸ் கூட்டுகிற ஆள் என்று போட்டு, என் பெயரை முழுசாக எழுதினேன். வாசலில் லொறி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் துண்டைப் படித்தார். முதல் முறையாக இரண்டாம் தரம் படித்தார்.

“என்னா தங்கச்சி, ஒங் கையெழுத்துக்கு லொறி நகருமா?”

“நகரலன்னா எறங்குங்கண்ணே. நான் தள்ளிக்கிட்டுப் போறேன்.”

பின்னால் ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஒம் புள்ளயும் அங்கதானே?”

“இல்லண்ணே. காச்சல். கீழ லயத்துல மாமிகிட்ட இருக்கான்.”

“ஸ்டோருக்குக் கீழயா?” என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டு மேலே ஏற்றினார்.

நான் டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றேன். லயத்துக்கு ஓடிப் பார்த்துவிட்டு வர ஏழு நிமிஷம் போதும். ஓடவில்லை. நெருப்பு நேரத்தில் டெலிபோனை விட்டு நகரக் கூடாது. அது எவரும் சுவரில் ஒட்டியதில்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

சாயங்காலம் டிரைவர் வந்து சொன்னார். அவர்கள் போனபோது நெருப்பு கவ்வாத்து மலையில் பாதி இறங்கியிருந்ததாம். ஆயம்மா பிள்ளைகளையெல்லாம் கானுக்குள் இறக்கி, கொழுந்துச் சாக்கை நனைத்து மேலே மூடிவிட்டு, காம்பராக் கூரைக்கு வாளி வாளியாக வீசிக்கொண்டிருந்தாராம். ஆட்கள் புல்லை வெட்டி இடைவெளி விட்டு, தொட்டித் தண்ணீரை அடித்து, பச்சைக் கிளையால் அடித்து அடக்கினார்கள். காம்பராவின் பின்பக்கம் பால் காய்ச்சுகிற குசினி எரிந்தது. பிள்ளை ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. ஸ்டோரில் விறகுக் கொட்டில் மேல் ஒரு பொறி விழுந்து, இரண்டு வாளித் தண்ணீரில் அணைந்தது.

இதில் யாருக்கு என்ன குறை? குறை வந்தது. மறுநாள் காலை விசாரணை.

ஆபீஸ் விறாந்தையில் துரை, கிளாக்கரய்யா, டீமேக்கர். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டோரைக் காவல் இல்லாமல் விட்டாள் என்று டீமேக்கர் சொன்னார். வெள்ளைக்காரத் துரை தன் தோட்டத் தமிழில் கேட்டார்.

“நீ என்னாத்துக்கு லொறி மேலே அனுப்பினது? உத்தரவு இல்லாமே?”

நான் வாயெடுப்பதற்குள் கிளாக்கரய்யா முந்திக்கொண்டார். அவர் படுக்கையிலிருந்த நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிடக் கூடாதே.

“இவ புள்ள அங்க இருந்துச்சு சேர். தாய் மனசு. பொம்பளதானே, பதறிட்டா. இந்த ஒரு தரம் மன்னிச்சிருங்க சேர்.”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கண்ணைக் காட்டினார். பிள்ளை இருந்தது என்றால் மன்னிப்பு, இல்லை என்றால் வேலை போகும் என்று அந்தக் கண் சொன்னது. நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

“ஓ, நீ அம்மாதானே. சரி, சரி” என்று துரை சிரித்தார். டீமேக்கரும் சிரித்தார். உத்தரவு மீறியவள் ஒரு நிமிஷத்தில் பாவப்பட்டவள் ஆகிவிட்டேன்.

மன்னித்தவர்கள் சும்மா விடவில்லை. பிள்ளைக்காரி டெலிபோனில் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மறுநாளிலிருந்து மத்தியானத்தில் அந்தப் பெட்டியை ஒரு துணியால் மூடி, கைப்பிடிக்குச் சின்னப் பூட்டு ஒன்று போட்டுவிட்டுக் கிளாக்கரய்யா சாப்பிடப் போனார். இரண்டு நீளம் ஒரு குட்டை அடிக்கும். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்பேன். எடுக்க ஆள் இல்லை. நெருப்புக்கு இடைவேளை உண்டா? இவர்கள் தூங்கும்போது அதுவும் தூங்குமா?

சுவர்த் தாளில் ஒரு வரி கூடியது. நாலாவதாகப் பிள்ளைக் காம்பரா. ஆபீஸ் நாற்காலிக்குப் பிறகு பிள்ளைகள். லயத்துக்கு அப்போதும் நம்பர் இல்லை.

நான் அன்று வாய் திறக்காததற்கு என் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சோறு வேண்டியிருந்தது, மூடிக்கொண்டேன். ஆனால் அறுபது வருஷம் கழித்து, சோற்றுக்குப் பயப்படத் தேவையில்லாத காலத்தில், நம்முடைய ஆட்களே அந்தக் கிளாக்கர் சொன்ன பொய்யை எடுத்து அச்சடித்து மாலை போடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தாயென்றால் கும்பிடுவார்கள். கூட்டுகிறவள் ஒருத்தி காற்றைக் கேட்டு, இடத்தை நினைத்து, இது முதல், அது பிறகு என்று தீர்மானித்தாள் என்றால் மட்டும் ஏற்கமாட்டார்கள். அது என் மூளை செய்த வேலை. என் வயிறு செய்தது இல்லை. அந்த முப்பது பேரில் என் பிள்ளை ஒருவனும் இல்லை.

டிரைவர் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை நானாவும் இல்லை. நான் எழுதிய துண்டு எங்கே போனது என்று தெரியாது. ஆனால் மேற்கணக்கு ஆயம்மா ஒரு வரவுக் கொப்பி வைத்திருந்தார். அவருக்கும் எழுத்து அதிகம் வராது. வந்த பிள்ளைக்கு ஒரு கோடு, காய்ச்சலென்று வராத பிள்ளைக்கு ஒரு சுழி போடுவார். அந்தக் கொப்பிகளை மாதம் முடிந்ததும் ஆபீஸ் அலுமாரியில் கட்டி வைப்பார்கள், நானே கட்டியிருக்கிறேன். தோட்டம் கைமாறியபோது எறிந்தார்களோ, இன்னும் கிடக்கிறதோ. நெருப்பு வந்தது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று எனக்கு இப்போது குழம்புகிறது. பிள்ளைகள் முப்பதா முப்பத்திரண்டா என்பதும் சரியாக நினைவில்லை. எல்கடுவைப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். என் மகன் பெயருக்கு நேரே அன்றைக்குச் சுழிதான் இருக்கும். அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.